கார் ஏசி: கடைக்கு வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

திருச்சியில கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி 11 வருஷம் ஒரு ஏசி ஷெட்ல வேலை பாத்தேன். கத்திரி வெயில் ஆரம்பிச்சா போதும், கடைக்கு வர்றவங்களும் சரி, சொந்தக்காரங்களும் சரி, அதே நாலு சந்தேகத்த நாப்பது விதமா கேப்பாங்க, அதுல பாதிப்பேரு கேஸ் போடணும்னு முடிவே பண்ணிட்டுத்தான் வர்றது. அவங்க கேட்டத கேட்டபடியே எழுதி பதிலையும் போட்டிருக்கேன். நம்பர் எதுக்குன்னா, ஒண்ணுக்கு சொன்னது இன்னொண்ணுக்கும் தேவைப்படும், அப்ப மேல போய்ப் பாத்துக்கலாம்.

1. ஏசி போட்டா காத்து நல்லா வருது, ஆனா ஜில்லுனே இல்ல. கேஸ் தீந்துடுச்சாண்ணே?

கேஸ் தீராது. பெட்ரோல் மாதிரி எரிஞ்சு போற சாமான் இல்ல அது. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வருஷா வருஷமா கேஸ் போடுறோம்? கம்ப்ரஸர் அத அமுக்குது, கிரில்லுக்குப் பின்னால இருக்குற கண்டென்சர்ல சூட்ட வெளிய விட்டுட்டு கேஸ் திரவமா மாறுது, அப்புறம் எக்ஸ்பேன்ஷன் வால்வு வழியா டேஷ்போர்டுக்குள்ள இருக்குற கூலிங் காயிலுக்குள்ள பீச்சி அடிக்கும்போது ஆவியாகி வண்டிக்குள்ள இருக்குற சூட்ட இழுத்துக்குது, திரும்ப கம்ப்ரஸருக்கே போகுது. சுத்திச் சுத்தி அதே கேஸ்தான். கம்மியாச்சுன்னா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம்.

அதுக்கும் முன்னாடி பானெட்ட தொறந்து கம்ப்ரஸர் ஓடுதான்னு பாருங்க. இன்ஜின் ஓடட்டும், உள்ள ஒருத்தர உக்காரவச்சு ஏசி பட்டன அமுக்கச் சொல்லுங்க, "டக்"னு சத்தம் வந்து கம்ப்ரஸர் முகப்புல இருக்குற தட்டு புல்லியோட சேந்து சுத்தணும். பெல்ட் ஓடுற வரைக்கும் புல்லி எப்பவும் சுத்தும், அதப் பாத்து ஏமாந்துடாதீங்க, நடுவுல இருக்குற தட்டுதான் முக்கியம், ஏசி கிளட்ச்னு சொல்றது இதத்தான். தட்டு சுத்தவே இல்லன்னா ஃபியூஸ், ரிலே, கிளட்ச் காயில், பிரஷர் ஸ்விட்ச், எலி கடிச்ச ஒயர்னு எதுவா வேணா இருக்கலாம். கேஸ் சுத்தமா போயிருந்தாலும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸர ஓடவிடாது. நாலஞ்சு செகண்டுக்கு ஒருக்கா ஒட்டி ஒட்டி விட்டுச்சுன்னா அது பெரும்பாலும் கேஸ் கம்மி. புது வண்டிகள் சிலதுல கிளட்சே கிடையாது, தட்டு எப்பவும் சுத்திட்டேதான் இருக்கும், அங்க இந்தச் சோதனை செல்லாது.

2. எங்க மெக்கானிக் வருஷா வருஷம் கேஸ் போடணும்னு சொல்றாரே?

ரப்பர் ஹோஸ் வழியா கொஞ்சூண்டு கசியத்தான் செய்யும், அது தெரியிற அளவுக்கு வர்றதுக்கு பல வருஷம் ஆகும். போன ஏப்ரல்ல போட்டது இந்த ஏப்ரல்ல இல்லன்னா அது லீக், சர்வீஸ் கிடையாது. பஞ்சர் ஒட்டாம தினமும் காத்து அடிச்சிட்டு ஓட்டுற மாதிரி. லீக் எங்கன்னு கண்டுபிடிச்சுட்டுப் போடுங்கன்னு சொல்லுங்க, நேரம் இல்ல சார்னா அன்னைக்கு வீட்டுக்கு வந்துடுங்க.

3. வெயில்ல நிறுத்தின வண்டிய சீக்கிரம் ஜில்லாக்க என்ன பண்றது? உள்ள ஏறவே முடியல.

கண்ணாடி நாலையும் இறக்கிட்டு ப்ளோயர ஃபுல்லா வச்சு ஒரு ரெண்டு நிமிஷம் ஓட்டுங்க. உள்ள இருக்குற காத்து வெளிய இருக்குறத விட ரொம்ப சூடு, அத ஏசி போட்டு குளுமையாக்குறத விட தூக்கி வெளிய எறியறது சுலபம். அப்புறம் கண்ணாடிய ஏத்திட்டு ரீசர்க்குலேஷன் போடுங்க, அதான் வண்டிக்குள்ள வளைஞ்ச அம்புக்குறி போட்ட பட்டன். வெளிய 40 டிகிரி காத்த இழுத்து குளுமையாக்குறதுக்கும் உள்ளயே 28க்கு வந்துட்ட காத்த மறுபடி குளுமையாக்குறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே யோசிங்க.

நாலஞ்சு பேரு போற நீண்ட பயணத்துல மணிக்கணக்கா ரீசர்க்குலேஷன்லயே விடாதீங்க. மூச்சுக்காத்து உள்ளயே சுத்தி டிரைவருக்கு கண்ணு சொக்கும். அரை மணிக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் வெளிக்காத்து விடுங்க.

4. ஹைவேஸ்ல சூப்பரா இருக்கு, சிக்னல்ல நின்னா வெக்கை. மறுபடி ஓட்டினா ஜில்லு. இது என்னா கணக்கு?

இதுக்குத்தான் அதிகம் பேரு வீணா கேஸ் போட்டுட்டு வர்றாங்க. ஓடும்போது எதுக்காத்து கண்டென்சர்ல அடிக்குது, நின்னா அந்தக் காத்து இல்ல, ஃபேன்தான் இழுக்கணும். ஃபேன் ஓடல, இல்ல மெதுவா ஓடுது, இல்ல கண்டென்சர் இடுக்கெல்லாம் தூசி அடைச்சிருக்கு. சூடு வெளிய போகலன்னா உள்ள குளுமை வராது, அவ்வளவுதான் கணக்கு.

ஏசி போட்ட ஒரு நிமிஷத்துக்குள்ள ஃபேன் ஓடுதான்னு தள்ளி நின்னு பாருங்க, கைய மட்டும் உள்ள விடாதீங்க, அது எப்ப வேணா சுத்த ஆரம்பிக்கும். ஷெட்ல நாங்க ஒரு வேலை பண்ணுவோம். வண்டி நின்னு ஏசி ஓடிட்டு இருக்கும்போதே கிரில் வழியா கண்டென்சர் மேல ஒரு குடம் தண்ணிய மெதுவா ஊத்துவோம். ஊத்தின கொஞ்ச நேரத்துல உள்ள ஜில்லுனு ஆச்சுன்னா கேஸ், கம்ப்ரஸர் எல்லாம் ஓரளவு நல்லாத்தான் இருக்கு, கோளாறு ஃபேன்லயோ அழுக்குலயோன்னு தெரிஞ்சுடும். பைசா செலவில்லாத சோதனை.

கழுவும்போது வாட்டர் சர்வீஸ் கன்ன கிட்ட வச்சு அடிக்கக் கூடாது, தகடு எல்லாம் மடங்கி காத்து போற வழியே மூடிக்கும். தோட்டத்துக்கு தண்ணி விடுற ஹோஸ் போதும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல சேர்ற மண்ணுதான் பெரிய வில்லன், முன்னாடி இருந்து பாத்தா தெரியாது. ராமேஸ்வரம், நாகப்பட்டினம், ஈசிஆர் பக்கம் வண்டி வச்சிருக்கிறவங்க உப்புக்காத்துல கண்டென்சர் அரிச்சுப் போறதயும் கவனிக்கணும், தகட தொட்டா பொலபொலன்னு உதிரும்.

5. ப்ளோயர் 4ல வச்சும் காத்து ஊதுன மாதிரிதான் வருது.

கேபின் ஃபில்டர் அடைச்சிருக்கும், அதாவது வண்டிக்குள்ள வர்ற காத்த வடிகட்டுற ஃபில்டர். நிறைய வண்டில டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் கூட இல்லாம கையாலயே கழட்டலாம், ஆனா அப்படி ஒண்ணு இருக்குறதே பலருக்குத் தெரியாது. ஒருத்தர் வண்டி வாங்கி ஏழு வருஷமா மாத்தவே இல்ல, கழட்டிப் பாத்தா வேப்பிலை, வேப்பம்பழக் கொட்டை, அதுக்கு மேல எலி கொண்டுவந்து சேத்த பஞ்சு. வீட்டு வாசல்ல வேப்பமரம். மனுசன் கேக்க வந்தது கம்ப்ரஸர் விலை.

ஃபில்டர கழட்டிட்டு ஒருக்கா ப்ளோயர் போட்டுப் பாருங்க, காத்து நல்லா வந்தா புதுசு வாங்கிப் போடுங்க, அதோட விஷயம் முடிஞ்சது. ஃபில்டர் இல்லாமயே ஓட்டாதீங்க, தூசி நேரா கூலிங் காயில்ல ஒட்டும், அத சுத்தம் பண்ண டேஷ்போர்ட இறக்க வேண்டி வரலாம்.

6. 1, 2, 3 எதுவும் வேலை செய்யல, 4ல வச்சா மட்டும் காத்து வருது.

ரெசிஸ்டர் போச்சு. வேகத்தக் குறைக்கிறதே அதோட வேலை, ஃபுல் ஸ்பீடுக்கு கரன்ட் அது வழியா போகாம நேரா போகும், அதனாலதான் 4 மட்டும் ஓடுது. ப்ளோயர் மோட்டாரையே மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க. ஆனா மாத்தின ரெசிஸ்டர் மறுபடி சீக்கிரம் போச்சுன்னா அப்ப மோட்டார் டைட்டாகி கரன்ட்ட அதிகமா இழுக்குதான்னு பாக்கணும். ஆட்டோ ஏசி, அதாவது டெம்பரேச்சர வச்சுட்டா மிச்சத்த தானா பாத்துக்குற ஏசி இருக்குற வண்டில இந்த ரெசிஸ்டர் இருக்காது, அதுக்கு வேற மாட்யூல்.

7. ஏசி போட்டா வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுது, பயமா இருக்கு.

நல்ல விஷயம்தான். காத்துல இருக்குற ஈரம் கூலிங் காயில்ல பட்டு தண்ணியா வடியுது, ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளர் வேர்க்குற மாதிரி. சொட்டலன்னாதான் யோசிக்கணும்.

8. வெளிய சொட்டல சார், உள்ள கால் மிதியடி நனையுது!

அந்தத் தண்ணி போற டியூப் அடைச்சிருக்கு, அதான் உள்ள வழியுது. அடியில இருந்து டியூப் வாயில மெல்லமா காத்தடிச்சாலோ வளையுற கம்பி விட்டாலோ குபுக்குனு கொட்டும், கூர்மையான எதையும் விட்டு காயிலக் குத்திடாதீங்க. கார்ப்பெட்ட தூக்கி வெயில்ல காய வைங்க, அதுக்கு அடியில சில வண்டில ஒயரிங் போகுது.

தொட்டுப் பாத்தா பிசுபிசுன்னு, லேசா இனிப்பு வாசனையோட, கண்ணாடி உள்பக்கம் எண்ணெய்ப் பூச்சு மாதிரி படிஞ்சா அது ஏசி தண்ணி இல்ல, ஹீட்டர் கோர்ல இருந்து, அதாவது இன்ஜின் சூட்டுத் தண்ணி ஓடி காத்த சூடாக்குற காயில்ல இருந்து, கூலன்ட் ஒழுகுது. அத தள்ளிப்போட்டா இன்ஜின் சூடேறி நிக்கும்.

9. ஏசி போட்டதும் நனைஞ்ச சாக்ஸ் மாதிரி நாத்தம், பர்ஃப்யூம் வச்சும் போகல.

பர்ஃப்யூம் வச்சா ரெண்டு நாத்தமும் சேந்து வரும். ஈரமாவே இருக்குற கூலிங் காயில்ல பூஞ்சை புடிச்சிருக்கு. மொதல்ல 5ல சொன்ன ஃபில்டர், 8ல சொன்ன டியூப், ரெண்டையும் பாருங்க. அதுக்கும் போகலன்னா காயில்ல அடிக்கிற நுரை கிளீனர் இருக்கு, அத போட்டுக் கழுவலாம். திரும்ப வராம இருக்க, வீடு வர்றதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடியே ஏசி பட்டன மட்டும் ஆஃப் பண்ணிட்டு ப்ளோயர ஓடவிடுங்க, காயில் காஞ்சுடும். எலி செத்த நாத்தம் வேற மாதிரி இருக்கும், மூக்கே சொல்லிடும்.

10. ஒரு மணி நேரம் நல்லா ஓடுது, அப்புறம் காத்தே கம்மியாயிடுது. கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிப் போட்டா சரியாகுது.

உள்ள ஐஸ் கட்டுது. கூலிங் காயில் மேல ஐஸ் மூடிக்கிட்டா காத்து எந்த வழியா வரும்? ஆஃப் பண்ணா உருகுது, மறுபடி சரியாகுது. காயில் ரொம்ப குளுந்தா கம்ப்ரஸர நிறுத்தச் சொல்றதுக்கு ஒரு சின்ன சென்சார் உண்டு, தெர்மிஸ்டர்னு சொல்லுவோம், அது பொய் சொல்லிட்டு இருக்கலாம். அழுக்கு ஃபில்டராலயும் வரும், கேஸ் கம்மியா இருந்தாலும் வரும். விலை கம்மியானதுல இருந்து ஆரம்பிங்க, ஃபில்டர், அப்புறம் தெர்மிஸ்டர்.

11. மழைல கண்ணாடி பூரா பனி, துடைச்சா போகவே மாட்டேங்குது.

விரலால கோடு போட்டுப் பாருங்க. உள்பக்கம்னா ஏசிய போட்டு, ரீசர்க்குலேஷன ஆஃப் பண்ணி, காத்த முன்கண்ணாடிக்குத் திருப்புங்க. மழைக்குளிர்ல ஏசியா கேக்காதீங்க, ஏசிதான் ஈரத்த உறிஞ்சும், குளுருதுன்னா சூட்டுப்பக்கம் திருகிக்கோங்க. வெளிப்பக்கம்னா நேர்மாறு, நீங்க கண்ணாடிய ரொம்ப குளுமையாக்கிட்டீங்க, காத்த கண்ணாடில இருந்து திருப்பிட்டு வைப்பர் போடுங்க.

12. நைட்டு வண்டிய நிறுத்தி ஏசி போட்டுட்டு தூங்கலாமா?

கூடாது. இன்ஜின் ஓடிட்டு நிக்குற வண்டில சைலன்சர் புகை உள்ள வர வாய்ப்பு இருக்கு, அதுல இருக்குற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தூக்கத்துலயே ஆள முடிச்சுடும். மூடுன ஷெட்டுக்குள்ள நிறுத்தி ஓடவிடுறது அதைவிட மோசம். ரீசர்க்குலேஷன்ல இருந்தா புகை வராதுன்னு ஒருத்தர் வாதம் பண்ணாரு, காத்து புகுற ஓட்டை வண்டில ஆயிரம் இருக்கு. தூக்கம் வந்தா இன்ஜின ஆஃப் பண்ணி கண்ணாடிய இறக்கிட்டு தூங்குங்க, கொசு கடிச்சா பரவால்ல.

13. ஆட்டோ ஏசில 18 வச்சா 24 வைக்கிறத விட சீக்கிரம் ஜில்லாகுமா? எங்க வண்டில 24னு வச்சாலும் சில நேரம் புழுங்குது.

வெயில்ல நின்ன வண்டில 24 வச்சாலே அது முழு மூச்சா ஓடத்தான் செய்யும். 18 வச்சா, 24ஐத் தாண்டியும் விடாம ஓடும், அதுதான் வித்தியாசம். 24ல வச்சு ஆட்டோ பட்டன அமுக்கிட்டு கைய எடுத்துடுங்க.

புழுங்குதுங்குறதுக்கு ஒரு கேள்வி: டேஷ்போர்டு மேல பிள்ளையார் எங்க இருக்காரு? சிரிக்காதீங்க. முன்கண்ணாடி ஓரமா டேஷ்போர்டு மேல கருப்பா பொட்டு மாதிரி ஒரு வெயில் சென்சார் பல வண்டில உண்டு, எவ்வளவு வெயில் அடிக்குதுன்னு அதுதான் சொல்லும். சாமி சிலை, வெல்வெட் துணி, பார்க்கிங் டோக்கன்னு எத அது மேல வச்சாலும் வெயிலே இல்லன்னு நினைச்சு ஏசி சோம்பேறியாயிடும். அதே மாதிரி ஸ்டியரிங் பக்கத்துல சின்ன சல்லடை மாதிரி இருக்குற இடத்துல உள் வெப்பத்த அளக்குற சென்சார், அத தூசி அடைச்சாலும் தப்புக் கணக்கு போடும். பிள்ளையார நாலு விரக்கடை தள்ளி உக்காரவச்சதோட சரியான வண்டிய நானே பாத்திருக்கேன்.

14. டிரைவர் பக்கம் வெதுவெதுன்னு வருது, அந்தப் பக்கம் ஜில்லுனு வருது.

ரெண்டு காரணம். கேஸ் கம்மியா இருந்தா கூலிங் காயில் பூரா குளுராது, ஒரு பாதி மட்டும் குளுரும், அந்தப் பாதிக்கு நேரா வர்ற காத்து மட்டும் ஜில்லுனு இருக்கும். இல்லன்னா, ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி டெம்பரேச்சர் வைக்கிற வண்டியா இருந்தா, சூட்டுக்காத்தையும் குளுந்த காத்தையும் கலக்குற கதவு ஒண்ணு உள்ள இருக்கு, ஒரு பக்கத்து கதவோட மோட்டார் மக்கர் பண்ணுது. டேஷ்போர்டுக்குள்ள பல்லி சத்தம் போடுற மாதிரி "டிக் டிக் டிக்"னு கேட்டா அந்த மோட்டாரோட பிளாஸ்டிக் பல்லு உடைஞ்சிருக்கு. இந்தக் கதவ பத்தி கடைசிக் கேள்வில இன்னும் இருக்கு.

15. கொல்லிமலை ஏறும்போது ஏசி தானா நின்னுடுச்சு, கீழ வந்ததும் வேலை செஞ்சுது.

70 கொண்டை ஊசி வளைவுல ஆளையும் மூட்டையையும் ஏத்திட்டு ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சா இன்ஜின் கம்ப்யூட்டரே கம்ப்ரஸர கொஞ்ச நேரம் விட்டுடும், இழுவைக்காக. அது கோளாறு இல்ல. ஆனா டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறி அதனால ஏசி நின்னா அது கூலன்ட் பிரச்சினை, ஏசி மெக்கானிக்கிட்ட போய் பிரயோஜனம் இல்ல.

16. ஆன்லைன்ல கேஸ் கேன் விக்குது, நானே அடிச்சுக்கலாம்ல?

எவ்வளவு அடிப்பீங்க? சின்ன கார் நிறையதுல மொத்தமே 350ல இருந்து 500 கிராமுக்குள்ளதான், பானெட்டுக்கு அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கும். உள்ள மிச்சம் எவ்வளவு இருக்குன்னு தெரியாம அடிச்சா அதிகமாகவும் போகும், அதிகமானாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸரும் அடி வாங்கும். சரியான முறை, இருக்குறத மெஷின்ல உறிஞ்சி எடுத்துட்டு, குறைஞ்சது அரை மணி நேரம் வேக்கம் போட்டு, தராசுல நிறுத்தி கிராம் கணக்குல ஏத்துறது. வேக்கம் எதுக்குன்னா உள்ள இருக்குற ஈரம் ஆவியாகி வெளிய வர. ஈரம் தங்கினா வால்வுல ஐஸா அடைக்கும், எண்ணெயோட சேந்து அரிக்கும்.

இன்னொண்ணு, கேன்ல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். நம்ம ஊர்ல ஓடுற வண்டில பெரும்பாலும் ஆர்-134ஏ, அது சீக்கிரம் தீப்புடிக்காது. விலை கம்மின்னு எரியிற கேஸ கலந்து விக்குறதும் உண்டு, அத பானெட்டுக்குள்ள வச்சுட்டு சுத்தணுமா? சில புது மாடல்ல ஆர்-1234ஒய்எஃப், ரெண்டையும் கலக்கவே கூடாது.

17. பிரஷர் கேஜ் மாட்டி 100 காட்டுது, கேஸ் ஃபுல்லா இருக்குன்னுட்டாரு. சரியா?

வண்டிய ஓடவிட்டா மாட்டினாரு, ஆஃப்லயா? ஆஃப்ல மாட்டினா அந்த நம்பர் வெளி வெப்பத்த மட்டும்தான் சொல்லும். 30 டிகிரில ஆர்-134ஏ 95ல இருந்து 100 பிஎஸ்ஐ காட்டும், உள்ள 150 கிராம் இருந்தாலும் 450 இருந்தாலும் அதே நம்பர்தான், கொஞ்சமாவது திரவமா இருக்குற வரைக்கும். வீட்டு சிலிண்டர்ல கடைசி வரைக்கும் அடுப்பு ஒரே மாதிரி எரியுதுல்ல, அப்படி.

ஓடும்போது பாக்கணும். கம்ப்ரஸருக்கு கேஸ் திரும்பி வர்றது லோ பக்கம், அமுக்கி வெளிய விடுறது ஹை பக்கம். நம்ம வெயிலுக்கு லோ பக்கம் 30ல இருந்து 45, ஹை பக்கம் 200ல இருந்து 250ன்னு இருந்தா தோராயமா சரி. ரெண்டும் கம்மின்னா கேஸ் கம்மி. ரெண்டும் ஏறியிருந்தா 4ல சொன்ன ஃபேன், கண்டென்சர், இல்ல கேஸ் அதிகம். லோ ஏறி ஹை இறங்கி ரெண்டும் கிட்டக்கிட்ட வந்தா கம்ப்ரஸர் அமுக்கல. லோ பக்கம் பூஜ்யத்துக்கும் கீழ போனா எங்கயோ அடைப்பு.

18. கம்ப்ரஸர் ஜாம் ஆயிடுச்சு. அது மட்டும் மாத்தினா போதும்ல?

உள்ள உடைஞ்சு ஜாம் ஆகியிருந்தா போதாது. தேய்ஞ்ச உலோகத்தூள் லைன் பூரா போயிருக்கும், புது கம்ப்ரஸருக்குள்ளயும் அதே தூள் போய் கொஞ்ச நாள்ல அதையும் முடிக்கும். டிரையர் (லைன்ல இருக்குற ஈரத்த உறிஞ்சுற டப்பா), எக்ஸ்பேன்ஷன் வால்வு மாத்தணும், பைப்ப ஃப்ளஷ் பண்ணணும். இப்ப வர்ற கண்டென்சர்ல ஓட்டை எல்லாம் நூல் மாதிரி, அத கழுவி எடுக்க முடியாது, மாத்துறதுதான் சரி. செலவு கேட்டா வயிறு எரியும், தெரியும். அதுக்கு முன்னாடி நிஜமாவே ஜாமா, இல்ல புல்லி பேரிங் மட்டும் சத்தம் போடுதான்னு கையால தட்ட சுத்திப் பாத்துக்கோங்க, இன்ஜின ஆஃப் பண்ணிட்டு.

19. கூலிங் காயில் லீக்குன்னு டேஷ்போர்ட இறக்கணுங்குறாங்க. நம்பலாமா?

எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேளுங்க. "வேற எங்கயும் தெரியல, அதனால அதுதான்"னு பதில் வந்தா நம்பாதீங்க. நைட்ரஜன் அடிச்சு பிரஷர் நிக்குதான்னு பாத்து, ஜாயின்ட்ல சோப்பு நுரை வச்சு, சார்ஜ் பண்ற வால்வு பின்னையும் பாக்கணும், சின்ன பின்னுதான், அதோட ரப்பர் போனாலே கேஸ் போயிடும். கேஸ் இருக்குற வண்டின்னா 8ல சொன்ன தண்ணி டியூப் வாயில லீக் டிடெக்டர் வச்சா கத்துதான்னு பாக்கலாம், கத்தினா காயில்தான். ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்ட ஜாயின்ட்ல எண்ணெய்ப் பிசுக்கோட தூசி ஒட்டியிருந்தா அங்கயே சந்தேகப்படலாம், கேஸ் போற இடத்துல எண்ணெயும் சேந்து வரும்.

20. எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கேன், நம்ம பழைய ஏசி ஷெட்லயே விடலாமா?

அவங்ககிட்ட எலெக்ட்ரிக்குக்குன்னு தனி மெஷினும் எண்ணெயும் இருந்தா விடலாம். கம்ப்ரஸர் அங்க ஹை வோல்டேஜ்ல ஓடுது, மோட்டார் அந்த எண்ணெயிலயே ஊறிட்டு இருக்கும், அதனால கரன்ட் கடத்தாத பிஓஇ எண்ணெய் போடுவாங்க. பெட்ரோல் வண்டிக்குப் போடுற பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் கெட்டுடும், வண்டி வார்னிங் காட்டி ஓட மறுக்கலாம். கேஸ் ஏத்துற மெஷினோட ஹோஸ்ல ஒட்டியிருக்குற மிச்ச எண்ணெயே கெடுக்கப் போதும். ஆரஞ்சு கலர் கேபிள யாரும் தொடக் கூடாது. நிறைய மாடல்ல பேட்டரிய குளுமையா வைக்கிறதும் இதே ஏசி கேஸ்தான்.

21. எல்லாம் மாத்தியாச்சு, கேஜும் கரெக்ட்டா காட்டுது, ஆனா வர்றது வெதுவெதுப்பான காத்து. பைத்தியமே புடிக்குதுண்ணே.

பானெட்டுக்குள்ள கூலிங் காயிலுக்குப் போற ரெண்டு பைப்புல தடிமனா இருக்குறத தொட்டுப் பாருங்க, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாம. ஜில்லுனு வேர்த்து இருந்தா ஏசி வேலைய செஞ்சிட்டுத்தான் இருக்கு, குளுமையான காத்த யாரோ நடுவுல சூடாக்குறாங்க. யாருன்னா ஹீட்டர் கோர். கூலிங் காயிலுக்கு அடுத்து ஹீட்டர் இருக்கும், நடுவுல ஒரு கதவு. அந்தக் கதவு சூட்டுப்பக்கம் பாதி தொறந்து மாட்டிக்கிச்சுன்னா நீங்க எத்தன கம்ப்ரஸர் மாத்தினாலும் இதே கதைதான். சந்தேகம் தீர, இன்ஜின் ஆறினப்புறம் ஹீட்டருக்குப் போற ரப்பர் ஹோஸ கிளாம்ப் போட்டு லேசா அமுக்கிட்டு ஏசி போட்டுப் பாருங்க. காத்து ஜில்லுனு மாறினா குற்றவாளி கிடைச்சாச்சு.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், ஊர் பேரு வேணாம், வேற ஒரு ஷெட்ல கம்ப்ரஸரும் கண்டென்சரும் மாத்திட்டு மூணாவதா கூலிங் காயில் விலை கேக்க கடைக்கு வந்தாரு. வண்டிய வெளிய நிறுத்தி, டேஷ்போர்டுக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சேன். சூடு குளுமை திருகுற நாப்ல இருந்து வர்ற கேபிள் கொக்கி கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு. மாட்டிவிட்டேன். சாருக்கு சந்தோஷப்படுறதா கோவப்படுறதான்னு தெரியல, டீ வாங்கிக் குடுத்துட்டு, கழட்டின பழைய கம்ப்ரஸர அந்த ஷெட்ல திருப்பிக் குடுப்பாங்களான்னு கேட்டாரு.